சிபியுவா, கேபினட்டா? கம்ப்யூட்டர் பாகங்களின் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் புழங்கும் பெயர் ஒன்று, அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் பெயர் வேறொன்று. கம்ப்யூட்டர் சர்வீஸ், உதிரிபாக விற்பனை என்று இருப்பவர்களுக்கு இது தினப்படி சமாச்சாரம். பெரும்பாலான நேரம் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. சில பெயர்கள் மாறினால் மட்டும் காசு போகும். ஒன்றிரண்டு மாறினால் டேட்டாவே போகும். அந்தச் சிலதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறேன்.

மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியை சிபியு என்று சொல்வது தப்பா?

பேச்சில் தப்பே இல்லை. "சிபியுவை மட்டும் கொண்டு வாங்க" என்றால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்கி வர வேண்டும் என்று எல்லோருக்கும் புரிகிறது. பள்ளிப் புத்தகங்கள் பலவற்றிலும் படத்தில் அம்புக்குறி அந்தப் பெட்டியைத்தான் காட்டும்.

கறாராகப் பார்த்தால் சிபியு என்பது உள்ளே மதர்போர்டில், ஹீட் சிங்க் என்ற சூடு தணிக்கும் உலோகத் துண்டுக்கும் ஃபேனுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும் பிராசசர் சிப். ஐ3, ஐ5, ரைசன் என்று பெயர் சொல்லி வாங்குகிறோமே, அதுதான். வெளியே இருக்கும் தகரப் பெட்டி கேபினட்.

ஆனால் பெட்டியை சிபியு என்பவர்களுக்கு ஒரு பரம்பரை உண்டு. ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்த காலத்தில் சிபியு என்பதே பீரோ அளவுக்கு நின்ற தனி அலமாரி. முழு சிபியுவும் ஒரே சிப்புக்குள் அடங்கி இன்டெல் 4004 விற்பனைக்கு வந்தது 1971இல். அதற்கு முந்தைய தலைமுறைக்கு சிபியு என்றால் பெட்டிதான்.

இந்தப் பெயர் எங்கே இடிக்கும் என்றால், பழைய பொருள் விற்கும் விளம்பரங்களில். "ஐ5 சிபியு விற்பனைக்கு" என்று போட்டிருந்தால் அது முழுப் பெட்டியாகவும் இருக்கலாம், உள்ளங்கையில் அடங்கும் சிப்பாகவும் இருக்கலாம். விலையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு ரேம், டிஸ்க் சேர்த்தா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"சிபியு போயிடுச்சு" என்று சொன்னால் மெக்கானிக்குக் கோபம் வருவது ஏன்?

கோபம் இல்லை, அதிலிருந்து அவருக்கு ஒரு தகவலும் கிடைப்பதில்லை. போன் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, சிபியு போயிடுச்சு."
"என்ன ஆகுது சார்? பட்டனை அழுத்துனா ஃபேன் சுத்துதா?"
"சுத்துது. லைட்டும் எரியுது. மானிட்டர்லதான் ஒண்ணும் வரல."
"பீப் சத்தம் வருதா?"
"ஆங், விட்டு விட்டு வருது."

இதில் சிபியு போகவே இல்லை. பிராசசர் தானாகச் சாவது ரொம்ப அபூர்வம். ஃபேன் சுற்றி, பீப் அடித்து, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசி ஊதி, இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்தினால் பல பெட்டிகள் அங்கேயே எழுந்துவிடும்.

அதனால் பாகத்தின் பெயரைத் தேட வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லையா? சந்தேகம் மின்சாரப் பக்கம் போகும். ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லையா? ரேம், டிஸ்ப்ளே பக்கம். படம் வந்து, கம்பெனி லோகோவும் தெரிந்து, விண்டோஸ் மட்டும் ஏறவில்லையா? டிஸ்க் அல்லது சாஃப்ட்வேர் பக்கம். மெக்கானிக் எந்தப் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பதே இதை வைத்துத்தான்.

எஸ்எம்பிஎஸ், பவர் சப்ளை, பிஎஸ்யு மூன்றும் ஒன்றுதானா?

கடையில் ஒன்றுதான். நம் ஊரில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டால் கேபினட்டுக்குள் இருக்கும் பவர் பெட்டி வரும். ஆன்லைனில் அதையே பவர் சப்ளை, பிஎஸ்யு என்று தேட வேண்டும். எஸ்எம்பிஎஸ் என்பது உண்மையில் மின்சாரத்தை மாற்றும் ஒரு முறையின் பெயர். உங்கள் மொபைல் சார்ஜருக்குள் இருப்பதும் அதே முறைதான்.

பெயரை விட ஸ்டிக்கரைக் கவனியுங்கள். மலிவான எஸ்எம்பிஎஸ்களில் பெரிதாக '450' என்று போட்டிருப்பது மாடல் பெயராக மட்டும் இருக்கலாம். ஸ்டிக்கரில் உள்ள கட்டத்தில் 12 வோல்ட் என்ற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 × 16 = 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான்.

மெமரி என்றால் ரேமா, ஸ்டோரேஜா?

குழப்பத்தில் முதலிடம் இதற்குத்தான். டெக்னிக்கலாக மெமரி என்றால் ரேம். வேலை நடக்கும்போது மட்டும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம், பவர் போனால் காலி. போட்டோ, வீடியோ, ஃபைல் எல்லாம் நிரந்தரமாக இருப்பது ஸ்டோரேஜ். ஆனால் மெமரி கார்டு என்ற பெயர் வந்ததிலிருந்து "மெமரி ஃபுல்" என்றால் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்றே ஊரில் அர்த்தம்.

போன் கடைகள் இன்னும் ஒரு படி மேலே போய் '8 ஜிபி ரேம், 128 ஜிபி ரோம்' என்று எழுதி ஒட்டுகின்றன. ரோம் என்றால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. தினமும் போட்டோ எடுத்துத் தள்ளும் இடத்துக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடையாது. ஆனாலும் போன் விளம்பரத்தில் ரோம் என்று பார்த்தால் ஸ்டோரேஜ் என்று எடுத்துக்கொண்டு நகருங்கள்.

'8+8 ஜிபி ரேம்' என்று எழுதியிருப்பதில் மட்டும் உஷாராக இருங்கள். இரண்டாவது 8 ரேமே அல்ல. ஸ்டோரேஜில் ஒரு பங்கை ஒதுக்கி ரேம் மாதிரிப் பயன்படுத்தும் ஏற்பாடு. வேகத்தில் நிஜ ரேமின் பக்கத்தில்கூட அது வராது.

லேப்டாப்பில் இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. பத்து டேப் திறந்தால் திணறுகிறது என்று வருபவர் "மெமரி ஏத்திக் குடுங்க" என்கிறார். பெரிய டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தால் இடம் கூடும், திணறல் அப்படியே இருக்கும். அவருக்கு வேண்டியது ரேம்.

512 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன், 476 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டிஸ்க் செய்யும் கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகின்றன. விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டிவிட்டு அதற்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறது. 512 × 1000 × 1000 × 1000 என்பதை 1024ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 476 சொச்சம் வரும். அதே கணக்கில் 1 டிபி, 931 ஜிபியாகத் தெரியும்.

1024 கணக்குக்கு ஜிபிபைட் என்று தனிப் பெயரை சர்வதேசத் தர அமைப்பான ஐஇசி 1998இலேயே கொண்டுவந்துவிட்டது. கடைவீதியில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆப்பிள் மேக் 2009 முதல் ஆயிரம் கணக்கிலேயே காட்டுவதால் அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை. ரேமில் மட்டும் 8 ஜிபி என்றால் எப்போதும் 1024 கணக்குதான்.

எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க் என்றே சொல்கிறோமே?

சொல்லுங்கள். அதற்குள் சுற்றும் தட்டு எதுவும் இல்லை, சிப் மட்டும்தான். ஆனால் கேபினட் முன்னால் மினுக்கும் விளக்குக்கு வரும் ஒயரிலேயே இன்றும் 'எச்டிடி எல்இடி' என்றுதான் அச்சடித்து வருகிறது. தயாரிப்பவர்களே மாற்றிக்கொள்ளாத பெயர் இது. புதிதாக வாங்கும்போது மட்டும் எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்று தெளிவாகக் கேளுங்கள். விலையும் வேகமும் வேறு வேறு.

எம்.2 எஸ்எஸ்டி என்று கேட்டுத்தான் வாங்கினேன். ஸ்லாட்டில் சரியாகப் பொருந்தியது. ஆனால் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?

எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அதற்குள் எந்தப் பாஷை பேசுகிறது என்பது வேறு விஷயம். ஒரே வடிவத்தில் சாட்டா எம்.2 உண்டு, என்விஎம்இ எம்.2 உண்டு. பழைய லேப்டாப்கள் சிலவற்றின் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா மட்டுமே ஓடும். அதில் என்விஎம்இயைச் செருகினால் அழகாக உட்காரும், ஸ்க்ரூவும் ஏறும், பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங்ஸ் திரையில், மட்டும் பெயர் வராது. இதற்கு நேர் எதிராக, புது போர்டுகள் பலவற்றில் என்விஎம்இ மட்டும் ஓடும்.

கையில் எடுத்துப் பார்த்தால் ஓரளவு அடையாளம் தெரியும். தங்க நிறப் பற்கள் இருக்கும் விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. நூற்றுக்கு நூறு நம்பக்கூடிய அடையாளம் இல்லை என்பதால் ஸ்டிக்கரையும் படித்துவிடுங்கள். 2280 என்ற எண் நீள அகலம் மட்டுமே: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 என்றால் நீளம் பாதிதான், ஸ்க்ரூ போடும் இடம் மாறும்.

வேகத்தில் வித்தியாசம் சின்னது இல்லை. சாட்டா எவ்வளவு முக்கினாலும் நொடிக்கு 550 எம்பி சுமாருக்கு மேல் போகாது. பிசிஐஇ 3.0 தலைமுறை என்விஎம்இயில் நல்லவை 3500 எம்பியைத் தொடும். கடையில் கேட்கும்போது "எம்.2 குடுங்க" என்று நிறுத்தாமல் "எம்.2, 2280, என்விஎம்இ" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடவே லேப்டாப் மாடலையும் சொல்லிவிட்டால் பொருந்துமா என்று அவர்களே பார்த்துவிடுவார்கள்.

சி டிரைவில் இருந்ததை எல்லாம் டி டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டேன். பேக்கப் எடுத்த மாதிரிதானே?

இல்லை. டேட்டாவைத் தொலைக்கும் பெயர் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

டிரைவ் என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. கையில் பிடிக்கும் டிஸ்க்குக்கும் அதே பெயர், அந்த டிஸ்க்குக்குள் போடும் பங்கீட்டுக்கும் அதே பெயர். 'திஸ் பிசி'யில் சி, டி, இ என்று மூன்று தெரிவதால் மூன்று தனிப் பொருள்கள் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான வீட்டு கம்ப்யூட்டர்களில் அவை ஒரே டிஸ்க்கில் போட்ட மூன்று பார்ட்டிஷன்கள். டிஸ்க் செத்தால் மூன்றும் சேர்ந்தே சாகும்.

வைரஸ் வந்தது, விண்டோஸ் ஏறவில்லை, மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்கிற அளவில் டி டிரைவ் காப்பாற்றும். அதுவும் "ஃபார்மேட் பண்ணிக் குடுங்க" என்று மொட்டையாகச் சொல்லாமல் இருந்தால்தான். ஃபார்மேட் என்று நீங்கள் சொல்வது விண்டோஸைப் புதிதாகப் போடுவதை. மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர் எல்லா பார்ட்டிஷனையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாலும் அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டது அதுதான். "சி டிரைவ் மட்டும் ஃபார்மேட், டியைத் தொடாதீங்க" என்று வாயால் சொல்லி, ஜாப் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டும் பொதுவாக சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். கல்யாண போட்டோக்கள் முக்கால்வாசி டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும்.

பேக்கப் என்றால் வேறு பொருளில் இருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க், இன்னொரு கம்ப்யூட்டர், கூகுள் டிரைவ், எதுவானாலும் சரி.

லேப்டாப் சார்ஜரை அடாப்டர் என்று சொல்ல வேண்டுமா?

கேட்டு வாங்க சார்ஜர் என்ற பெயரே போதும். வேலையைப் பார்த்தால் அது அடாப்டர்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை 19 வோல்ட் சுமாருக்கு டிசியாக மாற்றித் தருவதோடு அதன் கடமை முடிந்தது. பேட்டரியை எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று பார்க்கும் சார்ஜிங் சர்க்யூட் லேப்டாப்புக்குள் இருக்கிறது. புது சார்ஜர் மாற்றியும் சார்ஜ் ஏறவில்லை என்றால் சார்ஜர் கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

மாற்று வாங்கும்போது பழைய சார்ஜரின் முதுகில் 'அவுட்புட்' என்ற வரியைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்று இருந்தால் 65 வாட். வோல்ட் அதேபோல இருக்க வேண்டும். ஆம்பியர் அதேயோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. அப்புறம் பின். 'மெல்லிசு பின்', 'தடிச்ச பின்' என்று கடைகளில் சொல்வது இங்கே உண்மையிலேயே உதவும் பெயர்கள். பழைய சார்ஜரையே கையில் எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

டைப்-சி என்றால் வேகமானது என்று அர்த்தமா?

இல்லை. டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம். மேல் கீழ் பார்க்காமல் எப்படிச் செருகினாலும் போகும், அவ்வளவுதான் அந்தப் பெயர் தரும் உத்தரவாதம். ஐபோன் 15 டைப்-சியோடு வந்தது, ஆனால் சாதாரண மாடலில் வேகம் பழைய யுஎஸ்பி 2 வேகம்தான், 480 எம்பிபிஎஸ் (இது மெகாபிட் கணக்கு, மேலே எஸ்எஸ்டிக்குச் சொன்ன எம்பி மெகாபைட் கணக்கு). ப்ரோ மாடலில்தான் யுஎஸ்பி 3. லேப்டாப்பிலும் ஒரு டைப்-சி போர்ட்டில் மானிட்டர் வேலை செய்யும், பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றில் பென்டிரைவ் மட்டும்தான் ஓடும் என்று இருக்கலாம்.

யுஎஸ்பி பெயர்களை வைத்தவர்களே குழப்பியிருக்கிறார்கள். 2008இல் யுஎஸ்பி 3.0 என்று வந்த 5 ஜிபிபிஎஸ் சமாச்சாரத்துக்கு, பிறகு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றி, மறுபடி 3.2 ஜென் 1 என்று மாற்றினார்கள். மூன்றும் ஒன்றே. 3.2 என்று பார்த்துவிட்டுக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், எத்தனை ஜிபிபிஎஸ் என்று பாருங்கள்.

"வைஃபை வரல" என்பதும் "நெட் வரல" என்பதும் ஒன்றா?

இரண்டும் வேறு. வைஃபை என்பது உங்கள் வீட்டு பாக்ஸுக்கும் போனுக்கும் நடுவே இருக்கும் தொடர்பு. நெட் என்பது அந்த பாக்ஸுக்கும் வெளி உலகத்துக்கும் இருக்கும் தொடர்பு. வைஃபை முழுக் கோட்டோடு தெரியும், யூடியூப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றால் பிரச்சினை வெளியே.

எல்லோரும் மோடம் என்று சொல்லும் அந்த பாக்ஸ், ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் ஓஎன்டியும் (ஃபைபரில் வரும் ஒளியை வாங்கிக்கொள்ளும் கருவி) ரூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருப்பது. அதில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபரில் ஒளியே வரவில்லை. எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் மாறாது. கஸ்டமர் கேரில் எடுத்த எடுப்பிலேயே "எல்ஓஎஸ் ரெட் எரியுது" என்று சொல்லிவிட்டால், பாஸ்வேர்டு மாற்றிப் பார்த்தீர்களா, வேறு போனில் பார்த்தீர்களா என்ற கேள்விகளைத் தாண்டி நேரே லைன்மேனிடம் புகார் போகும்.

எல்இடி மானிட்டர், எல்சிடி மானிட்டர் வித்தியாசம் என்ன?

எல்இடி மானிட்டர் என்று விற்பதும் எல்சிடிதான். பின்னால் வெளிச்சம் கொடுக்க முன்பு மெல்லிய டியூப் விளக்கு இருந்தது, இப்போது எல்இடி இருக்கிறது. ஓஎல்இடி மட்டும் நிஜமாகவே வேறு ஜாதி, அதில் பின் விளக்கே கிடையாது.

லேன் கேபிள் முனையை ஆர்ஜே45 என்பது தப்பு என்கிறார்களே?

தப்புதான். அசல் ஆர்ஜே45 பழைய டெலிபோன் இணைப்பு ஒன்றின் பெயர், நாம் நசுக்கிப் போடும் பிளாஸ்டிக் முனையின் பெயர் 8பி8சி. அதைக் கடையில் போய்ச் சொன்னால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். விஜிஏ போர்ட்டை டிபி15 என்பதும் இதே கதை, சரியான பெயர் டிஇ15. இந்தத் திருத்தங்களால் யாருக்கும் ஒரு ரூபாய் மிச்சம் ஆகப் போவதில்லை. பழைய பெயரிலேயே கேளுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதுவும் யுபிஎஸ்தானே, கம்ப்யூட்டருக்குத் தனியாக வேண்டுமா?

கரன்ட் போகும்போது எவ்வளவு சீக்கிரம் பேட்டரிக்கு மாறுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஃபேனும் டியூப்லைட்டும் ஒரு கணம் மினுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை, கம்ப்யூட்டர் அதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் 'யுபிஎஸ்' என்றும் 'ஈக்கோ' அல்லது 'நார்மல்' என்றும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் சீக்கிரம் மாறும், கம்ப்யூட்டர் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். தனி யுபிஎஸ் வாங்கினால் 600 விஏ என்பதை 600 வாட் என்று படிக்காதீர்கள். பெரும்பாலும் அது 360 வாட்தான், பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

பயாஸ் பேட்டரி, சிமாஸ் பேட்டரி எது சரி?

மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பேட்டரி அது. எப்படிச் சொன்னாலும் கடையில் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரிதான் கொடுப்பார்கள். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். எண்ணிலேயே அளவு இருக்கிறது. தேதி தினமும் பழையதாகிவிடுகிறது, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று பிரவுசர் மிரட்டுகிறது என்றால் வைரஸ் என்று பயப்படும் முன் இதை மாற்றிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் கடைக்குக் கேட்டு வாங்க என்னென்ன அனுப்ப வேண்டும்?

பெயரை எழுதுவதை விட ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்புவது மேல். லேப்டாப் என்றால் அடிப்பக்கத்தில் மாடல் எண், ரேம் என்றால் அதன் மேலேயே இருக்கும் வெள்ளை லேபிள், சார்ஜர் என்றால் அவுட்புட் வரியும் பின்னும் தெரியும்படி இரண்டு படம்.

கழற்றத் தயக்கமாக இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மெமரி என்ற இடத்தில் மொத்த ரேம், வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது எல்லாம் இருக்கும். டிஸ்க் என்ற இடத்தில் எஸ்எஸ்டியா எச்டிடியா என்று காட்டும். புதிய விண்டோஸ் 11 என்விஎம்இ என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அந்த இரண்டு பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஏறாது, வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அது எது என்பது மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டில் தெரியாமல் போனால், லேப்டாப் மாடலை வைத்துக் கடைக்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார்.